மருத்துவ மாணவரும் இணையத் தேடலும்: பாம்புக்கடி சிகிச்சையை முன்வைத்து ஓர் ஆய்வு

மருத்துவ மாணவர்கள் எந்தத் தகவல் மூலத்தை நம்பத்தக்கது என்று சொல்கிறார்களோ, ஐயம் எழும்போது அதையே முதலில் நாடுவார்கள் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்பதோடு நில்லாமல் அவர்களுடைய கணினிப் பயன்பாட்டின் பதிவுகளையே எடுத்து ஆராய்ந்தவர்கள் வேறொரு நிலையைக் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் டெர்ரி ஜட், கிரெகர் கென்னடி ஆகியோர் அவ்வாறு செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயிர்மருத்துவம் சார்ந்த கேள்விகளுக்கு விடை தேடிய மாணவர்கள் மிகுதியாகச் சென்றது கூகுளுக்கும் விக்கிப்பீடியாவுக்கும்தான். வசதியை முன்னிட்ட வழக்கமா இது என்ற கேள்வியை அவர்கள் தம் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார்கள். வார்டு ரவுண்ட்ஸில் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு அடுத்த கட்டிலை அடைவதற்குள் விடை கண்டாக வேண்டிய மாணவர் கைபேசியில் முதலில் தோன்றுவதைப் படிப்பதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. விக்கிப்பீடியாவும் ஒதுக்கித் தள்ளத்தக்கதன்று: கனடாவில் மருத்துவ மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், விக்கிப்பீடியாவைப் படித்தவர்கள் மின்னணுப் பாடநூலைப் படித்தவர்களைவிட உடனடித் தேர்வில் நன்றாகவே விடையளித்தார்கள். சிக்கல் எந்தத் தளத்தைத் திறக்கிறார் என்பதைவிட, திறந்த பிறகு என்ன செய்கிறார் என்பதிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது.

தேடுபொறி தரும் வரிசை பார்ப்பவரின் மதிப்பீட்டை எவ்வளவு ஆட்கொள்கிறது என்பதற்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2007-இல் வெளியான கண்ணசைவு ஆய்வு நல்ல சான்று. அதில் கூகுள் தந்த முடிவுகளின் வரிசையை ஆய்வாளர்கள் சில மாணவர்களுக்குத் தலைகீழாக மாற்றிக் காட்டினார்கள். பொருத்தம் குறைந்த பக்கம் மேலே வந்து நின்றபோதும் மாணவர்கள் மேலே நின்றதையே பெரிதும் சொடுக்கினார்கள். தேடுபொறியின் வரிசை என்பது பிற பக்கங்கள் தரும் இணைப்புகள், சொற்பொருத்தம், பயனரின் இருப்பிடம் போன்ற பல அளவைகளைக் கணக்கிட்டு எந்திரம் அடுக்கும் வரிசை. ஒரு சிகிச்சை உயிர் காக்குமா என்பதை எடைபோட்டு அது அடுக்கப்படுவதில்லை. இந்த வேறுபாடு மாணவர்களுக்குத் தெரியாது என்பதில்லை, தெரிந்திருந்தும் கண்ணும் விரலும் மேல்வரியிலேயே நின்றுவிடுகின்றன.

இணையம் பரவத் தொடங்கிய காலத்திலேயே மருத்துவ உலகம் இதைப் பற்றிக் கவலைப்பட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1997-இல் வெளியான ஒரு தலையங்கம், எழுதியவர் யார், ஆதாரம் எது, பணம் கொடுத்தவர் யார், எப்போது எழுதப்பட்டது என்ற நான்கையும் ஒவ்வொரு மருத்துவப் பக்கமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. ஜெனீவாவில் 1995-இல் தோன்றிய ஹெல்த் ஆன் தி நெட் அறக்கட்டளை, இத்தகைய நெறிகளை ஏற்கும் தளங்களுக்கு ஒரு முத்திரை வழங்கியது. ஆக்ஸ்போர்டில் உருவான டிஸ்செர்ன் என்ற கருவி, சிகிச்சைத் தகவலை 16 கேள்விகளால் மதிப்பிடக் கற்றுத் தந்தது. இவையனைத்தும் நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்டவை, பயனும் தந்தவை. ஆயினும் இவற்றுக்கு அடியில் ஒரு பொதுவான நம்பிக்கை இருந்தது: நம்பகத்தன்மையின் அடையாளம் அந்தப் பக்கத்திலேயே எங்கோ இருக்கிறது, உற்றுப் பார்த்தால் தென்பட்டுவிடும் என்பதே அது. முத்திரையைப் படமாக ஒட்டிக்கொள்வதும், ஆசிரியர் பெயருக்குப் பின்னால் பட்டங்களை அடுக்குவதும், பக்கத்தின் அடியில் புதிய தேதியைப் போடுவதும் எளிதாகிவிட்ட பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஜெனீவா அறக்கட்டளை 2022 இறுதியில் தன் பணியையே முடித்துக்கொண்டது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ ஆகியோர் செய்த ஆய்வு இந்த இடத்தில் மிகுந்த பொருள் உடையது. வரலாற்றுப் பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்ட் இளங்கலை மாணவர்கள், செய்தி நிறுவனங்களின் உண்மை சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று குழுவினரிடமும் குழந்தை மருத்துவம் சார்ந்த இரண்டு தளங்களைக் காட்டி எது அதிக நம்பகமானது என்று அவர்கள் கேட்டார்கள். ஒன்று, 1930-இல் நிறுவப்பட்டு 60,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி. மற்றொன்று, கருத்து வேறுபாட்டால் 2002-இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு, பெயரிலும் தோற்றத்திலும் ஏறக்குறைய அதைப் போன்றதே. சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து உண்மையைக் கண்டார்கள். பேராசிரியர்கள் தடுமாறினார்கள், மாணவர்களில் பெரும்பாலோர் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்து, சிறு குழுவின் தளத்தையே தேர்ந்தெடுத்தார்கள். இவ்வாறு பக்கத்தை விட்டு வெளியேறிப் பக்கவாட்டில் தேடிப் பார்க்கும் முறைக்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர். கவனமாகப் படிப்பதே நல்ல மாணவருக்கு அழகு என்று பள்ளியிலிருந்து பயிற்றப்பட்டவர்களுக்கு, ஒரு பக்கத்தைப் படிக்காமல் விட்டுவிட்டு வெளியேறுவதும் ஓர் அறிவுச் செயலே என்று கற்பிக்க வேண்டியிருக்கிறது.

இருப்பினும் மருத்துவ மாணவருக்குத் தளத்தின் தகுதியை அறிவது பாதி வேலைதான். அவருடைய கேள்வி ஒரு குறிப்பிட்ட நோயாளியைப் பற்றியது. நம்பகமான தளம் ஒன்றில் உள்ள உண்மையான செய்தியே அந்த நோயாளிக்குப் பொருந்தாமல் போகலாம். இதை விளக்க இந்திய அரசு மருத்துவமனைகளில் அன்றாடம் எதிர்ப்படும் பாம்புக்கடியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகின் மருத்துவத் தகவலில் பெரும்பகுதியை எழுதும் நாடுகளில் இந்த நோய் அரிது. ஆகவே, இந்திய மாணவரின் தேவைக்கும் இணையம் முன்னிறுத்தும் தகவலுக்கும் இடையிலுள்ள தொலைவு இந்நோயில் தெளிவாகத் தெரிகிறது.

கண்ணாடி விரியன் கடித்து வந்தவருக்குப் பாம்பு நஞ்சுமுறி மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் எதிர்ப்புப் புரதம் என்பதால் அந்த மருந்தே ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். அதைத் தடுக்க முன்கூட்டியே ஏதேனும் கொடுக்கலாமா என்பது வார்டில் எழும் உண்மையான ஐயம். இதை அப்படியே தேடுபொறியில் இடுவதற்கு முன், கேள்வியை நான்கு கூறுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று சான்றுசார் மருத்துவம் கற்பிக்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் சாக்கெட், கார்டன் கயாட் ஆகியோரை முன்னோடிகளாகக் கொண்டு வளர்ந்து 1992-இல் பரவலாக அறியப்பட்ட இந்த அணுகுமுறையின் அடிப்படை, கிடைப்பவற்றுள் சிறந்த ஆய்வுச் சான்றை மருத்துவரின் அனுபவத்தோடும் நோயாளியின் விருப்பத்தோடும் இணைத்து முடிவெடுப்பது. நோயாளி யார், கொடுக்கப்போவது என்ன, எதனுடன் ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம் என்ற நான்கு கூறுகளும் 1995 முதல் பிக்கோ என்ற சுருக்கப்பெயரால் வழங்குகின்றன. எனவே மாணவரின் ஐயம் இப்படி உருப்பெறும்: பாம்புக்கடிக்காக நஞ்சுமுறி மருந்து பெறுபவருக்கு, முன்கூட்டியே குறைந்த அளவு அட்ரினலின் கொடுப்பது, எதுவும் கொடுக்காததோடு ஒப்பிடுகையில், கடுமையான ஒவ்வாமையைக் குறைக்குமா? கேள்வி இந்த வடிவை அடைந்ததும் தேடலில் பாதி முடிந்துவிடுகிறது. ஏனெனில் எதைத் தேட வேண்டும் என்பதோடு எதை ஒதுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அடுத்த தடை, சொல்லில் இருக்கிறது. இந்திய வார்டுகளில் இந்த மருந்தை எல்லோரும் ஏ.எஸ்.வி. என்றே அழைக்கிறார்கள், கேஸ் ஷீட்டிலும் அப்படியே எழுதுகிறார்கள். அதே மூன்றெழுத்தைப் பப்மெட்டில் இட்டால், நுண்ணுயிர் மரபணு ஆய்வில் வழங்கும் ஆம்ப்ளிகான் சீக்வென்ஸ் வேரியன்ட் பற்றிய கட்டுரைகளும், உறக்க மூச்சுத்தடைக்குப் பயன்படும் அடாப்டிவ் சர்வோ வென்டிலேஷன் என்ற கருவி பற்றிய கட்டுரைகளும் வந்து குவியும். பப்மெட் என்பது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் தரவுத்தளம். ஜான் ஷா பில்லிங்ஸ் 1879-இல் தொடங்கிய இன்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற அச்சு அட்டவணையின் வழித்தோன்றலான இது, 1997 முதல் உலகில் எவரும் கட்டணமின்றித் தேடும்படி திறந்துவிடப்பட்டது. இதில் கட்டுரைகளுக்கு இடப்படும் நிலைத்த தலைப்புச் சொற்களின் தொகுதி மெஷ் எனப்படும். 1960-இல் உருவான இத்தொகுதியின் பயன், ஒரே பொருளை வெவ்வேறு நாட்டார் வெவ்வேறு பெயரால் எழுதினாலும் அனைத்தையும் ஒரு தலைப்பின்கீழ் கொண்டுவருவது: பாரசிட்டமால் என்று எழுதினாலும் அசிட்டமினோஃபென் என்று எழுதினாலும் கட்டுரை ஒரே இடத்தில் வந்து சேரும். நஞ்சுமுறி மருந்துக்கு அத்தொகுதி வைத்திருக்கும் தலைப்பு ஆன்டிவெனின்ஸ். அதையும் அட்ரினலினுக்கு அமெரிக்கர் வழங்கும் எபிநெஃப்ரின் என்ற பெயரையும் ‘ஆண்ட்’ என்ற இணைப்புச் சொல்லால் சேர்த்துத் தேடினால், இரண்டும் இடம்பெறும் கட்டுரைகள் மட்டுமே எஞ்சும். ஒருபொருட் சொற்களை ‘ஆர்’ என்பதால் சேர்த்தால் வலை விரியும். இந்த எளிய நுட்பத்தை ஒரு நூலகர் ஒரு பிற்பகலில் கற்றுத்தந்துவிட முடியும். மருத்துவக் கல்லூரி நூலகர்களைப் புத்தகக் காப்பாளர்களாக மட்டும் நடத்தி, பாடத்திட்டத்தில் இடமளிக்காமல் வைத்திருப்பது வருந்தத்தக்க இழப்பு.

தேடல் கைகூடிய பிறகு மாணவர் எதிர்கொள்வது சான்றுகளின் படிநிலை. தனி நோயாளியின் வரலாறு அடியிலும், நோயாளிகளைக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிடும் ஆய்வு அதற்கு மேலும், அத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் தேடித் தொகுத்து எடைபோடும் முறைசார் மீளாய்வு உச்சியிலும் நிற்பதாகப் பாடநூல்கள் கூம்பு வரைந்து காட்டுகின்றன. பிரித்தானிய மருத்துவர் ஆர்ச்சி காக்ரேனின் பெயரால் 1993-இல் தொடங்கிய அமைப்பு வெளியிடும் காக்ரேன் மீளாய்வுகள் இந்த உச்சிக்கு உரியவை. நம் கேள்விக்கும் ஒரு காக்ரேன் மீளாய்வு உண்டு. ஆனால் அது 2000-ஆம் ஆண்டையொட்டி வெளியானது. அப்போது கிடைத்திருந்த சான்றுகளில் முதன்மையானது, இலங்கையில் 105 நோயாளிகளிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு: தோலடியில் குறைந்த அளவு அட்ரினலின் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் ஒவ்வாமை ஏற்பட்டது. அதன் பிறகு அசித டி சில்வாவின் தலைமையில் இலங்கை ஆய்வாளர்கள் 1,007 நோயாளிகளைக் கொண்டு செய்த பெரிய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடும், 48 மணி நேர அளவில் 38 விழுக்காடும் குறைத்தது என்று அது காட்டியது. அதைவிட முக்கியமாக, வார்டுகளில் வழக்கமாகப் போடப்படும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் புரோமெதசின் ஊசியும் பயன் தரவில்லை என்றும், ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினின் பயனே மறைந்தது என்றும் காட்டியது. கூம்பின் உச்சியோடு நின்றுவிடும் மாணவருக்கு இந்தச் செய்தி கிட்டாது. வளர்ந்த நாடுகள் அக்கறை கொண்ட நோய்களில் மீளாய்வுகள் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன; பாம்புக்கடி போன்ற ஏழைகளின் நோயில் அப்படி எதிர்பார்க்க முடியாது. ஆகவே மீளாய்வின் தேதியைப் பார்த்து, அதற்குப் பிறகு வந்த தனி ஆய்வுகளை மீண்டும் தேட வேண்டிய பொறுப்பு இத்துறையில் கூடுதலாகிறது.

அந்த 2011 ஆய்வு கட்டணமின்றி முழுமையாகப் படிக்கக் கிடைக்கிறது. அதன் சுருக்கத்தைப் படித்துவிட்டு அப்படியே வார்டுக்குக் கொண்டுபோவது தேடலின் முடிவாகாது. இதய நோயுள்ளவர், முதியவர், கர்ப்பிணி ஆகியோர் அதில் இடம்பெற்றார்களா, அங்கே பயன்படுத்திய மருந்தும் இங்கே பயன்படுத்தும் மருந்தும் ஒவ்வாமையைத் தூண்டுவதில் ஒத்தவையா என்ற கேள்விகளை முழுக் கட்டுரையில்தான் சரிபார்க்க முடியும். இந்திய நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாராகிறது. அதற்கான நஞ்சின் பெரும்பகுதியைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அளித்து வந்திருக்கிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் நிலத்துக்கு நிலம் மாறுபடுவதால், தென்னகத்து நஞ்சைக் கொண்டு செய்த மருந்து வேறு பகுதிகளில் குறைந்த பயனே தரக்கூடும் என்று இந்திய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தகவலின் நம்பகத்தன்மை இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

முதலுதவியிலும் இதே நிலைதான். பாம்புக்கடிக்கு முதலுதவி என்று ஆங்கிலத்தில் தேடினால், கடிபட்ட கை அல்லது காலை நீண்ட மீள்துணியால் அழுத்திச் சுற்றும் முறை முன்வரிசையில் வரக்கூடும். இது ஆஸ்திரேலியாவில் ஸ்ட்ரூவன் சதர்லாண்ட் 1970-களின் இறுதியில் வகுத்த முறை. அந்நாட்டுப் பாம்புகள் பெரும்பாலும் கடித்த இடத்துச் சதையை அதிகம் சிதைக்காதவை என்பதால் அங்கே அது சரியான அறிவுரை. விரியன் கடியில் கடிவாய் வீங்கிச் சதை அழுகும் இந்தியாவில், எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல உறுப்பை அசையாமல் வைத்து, இறுக்கிக் கட்டாமல், விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதையே தேசிய வழிகாட்டி முன்வைக்கிறது. ஆஸ்திரேலியத் தளத்தில் பிழையே இல்லை. 1997-இன் நான்கு கேள்விகளையும் 16 கேள்விகள் கொண்ட கருவியையும் அது எளிதில் கடந்துவிடும். அப்படியிருந்தும் திருவண்ணாமலை வயல்வெளியில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு அது தவறான தகவல்.

புகழ்பெற்ற இதழில் வந்திருக்கிறது என்பதும் தானாகக் காப்பளிப்பதில்லை. கொரோனா பரவிய 2020 மே 22 அன்று லான்செட் இதழ், 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகளைப் பற்றியதாகக் கூறப்பட்ட ஆய்வொன்றை வெளியிட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்றவர்கள் அதிகமாக இறந்ததாக அது சொன்னதால், உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அம்மருந்துப் பிரிவையே சில நாள் நிறுத்தி வைத்தது. ஐயம் கிளம்பிய இடங்களுள் ஒன்று மிக எளியது. ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவில் ஐந்து மருத்துவமனைகளில் மட்டும் 73 பேர் இறந்ததாக ஆய்வின் தரவு சொன்னது. அந்நாள்வரை அந்த நாடு முழுவதிலும் பதிவான கொரோனா இறப்புகளே 67தான். தரவை வழங்கிய சர்ஜிஸ்பியர் நிறுவனம் மூலத் தரவைச் சரிபார்க்கத் தராததால் ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த முரணைக் காண நுட்பமான புள்ளியியல் தேவைப்படவில்லை. ஓர் எண்ணைக் கட்டுரைக்கு வெளியே உள்ள இன்னோர் எண்ணோடு வைத்துப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது. அம்மருந்தின் பயனின்மையைப் பின்னர் நேர்மையான பெரிய ஆய்வுகள் நிறுவின என்பது வேறு செய்தி. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின்மேல் பப்மெட் தெளிவான எச்சரிக்கைப் பட்டையை இடுகிறது. அக்கட்டுரையின் நகலை வாட்ஸ்ஆப் குழுவில் கோப்பாகப் பெறும் மாணவருக்கு அந்தப் பட்டை கண்ணில் படாது. பப்மெட்டில் ஒரு கட்டுரை இருக்கிறது என்பதும் அதற்கு நூலகம் அளித்த தகுதிச் சான்று ஆகாது.

முழுக் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று சொல்வது எளிது. பல இதழ்களின் ஒரு கட்டுரைக்குக் கேட்கப்படும் விலை ஒரு மாணவரின் சில நாள் உணவுச் செலவுக்கு மேல் போகும். இந்தத் தடையைக் குறைக்க இந்தியாவில் சில நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. காக்ரேன் நூலகத்தை இந்தியாவில் எவரும் கட்டணமின்றிப் படிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2007-இல் நிதியளித்து வழி செய்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தெற்காசியக் காக்ரேன் பணியின் மையமாக இருந்து மீளாய்வு எழுதப் பலரைப் பயிற்றியது. ஒரே நாடு ஒரே சந்தா என்ற ஒன்றிய அரசுத் திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்து, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. இது பெரிய வாய்ப்பு. ஆயினும் முதல் கட்டத்தில் இது அரசு நிறுவனங்களுக்கானது. நாட்டின் மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரைக் கொண்ட தனியார் கல்லூரிகள் தத்தம் சந்தாவையே நம்பியிருக்கின்றன. கதவு திறந்த பிறகும், கல்லூரிக் கணக்கு வழியாக எப்படி உள்ளே நுழைவது என்று முதலாண்டிலேயே சொல்லித் தராவிட்டால் மாணவர் கைபேசியின் முதல் வரிக்கே திரும்புவார்.

இப்போது அந்த முதல் வரியில் இணைப்புகளுக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவு எழுதிய விடையே வந்து நிற்கிறது. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியானதிலிருந்து மாணவர்கள் இத்தகைய கருவிகளைப் பாடம் சுருக்கவும் கேள்வி கேட்கவும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். கடினமான கருத்தை எளிமையாக விளக்கிக் கேட்பதற்கு அவை உதவுகின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆபத்து மேற்கோளில் இருக்கிறது. சாட்ஜிபிடியின் முந்தைய பதிப்பைக் கொண்டு மருத்துவக் கட்டுரைகள் எழுதவைத்து, அது காட்டிய 115 மேற்கோள்களைச் சரிபார்த்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், 47 விழுக்காடு இல்லாத கட்டுரைகளைக் குறித்தன. 46 விழுக்காடு உள்ள கட்டுரைகளையே பிழையாகக் குறித்தன. உண்மையாகவும் பிழையின்றியும் இருந்தவை வெறும் 7 விழுக்காடு. பிந்தைய பதிப்புகள் இணையத்தைத் தேடி இணைப்புத் தருவதால் இந்த அளவு மாறியிருக்கும். ஆயினும் சொற்கள் கோவையாக இருப்பதற்கும் அவை உண்மையாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்ற நிலை மாறவில்லை. பக்கவாட்டில் செல்லப் பழகிய மாணவர் அந்த மேற்கோளின் பப்மெட் எண்ணை எடுத்துப் போட்டுப் பார்ப்பார், அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். மேலிருந்து கீழ்வரை படித்து நம்பும் மாணவருக்கு, ஆதாரம் கேட்டால் ஆதாரமும் உடனே எழுதித் தரும் கருவி முன்னெப்போதையும்விடப் பெரிய கண்ணி.

இந்திய மருத்துவப் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் ஐந்து பங்குகளில் வாழ்நாள் முழுதும் கற்பவர் என்பதையும் ஒன்றாக, 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம் சேர்த்திருக்கிறது. ஆனால் எழுத்துத் தேர்வும் முதுநிலை நுழைவுத் தேர்வும் விடையை மட்டுமே கேட்கின்றன; விடை எப்படிக் கிடைத்தது என்று எவரும் கேட்பதில்லை. இந்த இடைவெளிக்குச் சாக்கெட் குழுவினர் வார்டிலேயே ஒரு கருவி கண்டிருந்தார்கள். கல்விச் சீட்டு என்று அதைச் சொல்லலாம். ரவுண்ட்ஸில் ஒரு நோயாளியை ஒட்டி எழும் ஐயத்தை நான்கு கூறுகளாக்கி, மருந்துச் சீட்டைப் போல ஒரு தாளில் எழுதி, விடை கொண்டுவர வேண்டிய நாளையும் குறித்து ஆசிரியர் மாணவரிடம் கொடுப்பார். குறித்த நாளில் மாணவர் விடையோடு, எங்கே எப்படித் தேடினார், கிடைத்ததில் எதை ஏன் ஒதுக்கினார், அது இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்பதையும் சொல்ல வேண்டும். இதற்குச் சந்தாவோ கணினிக்கூடமோ முன்தேவை இல்லை. தேவைப்படுவது, தமக்கு விடை தெரியாத கேள்வியை மாணவர் முன் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கும் ஆசிரியர். வாரம் ஒரு கேள்வி என்ற அளவிலேனும் பொது மருத்துவத் துறை இதைத் தொடங்கினால், பாம்புக்கடி வார்டில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஏன் இன்னும் போடப்படுகிறது என்பதே முதல் சீட்டாக அமையலாம்.